பதினொன்றாவது சன்னல்

அகலத்தை மூன்று இடத்தில் அளப்போம்,
மேலே, நடுவே, கீழே.
மூன்றில் சிறியதைத்தான் எழுதிக்கொள்வோம்.
பழைய வீட்டில் எந்தச் சட்டமும் நேராக நிற்பதில்லை.
வினிபெக்கின் வடக்குப் பகுதியில்
நிற்கிற எதுவுமே நேராக நிற்பதில்லை.

பிப்ரவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூக்குமுடி கம்பியாகிற குளிர்.
கீழ்த்தளத்தில் அக்காள் ஒரீசியா போட்னார்ச்சுக்,
மேல்தளத்தில் தம்பி மைரோன்.
அப்பன் இருவர் பேருக்கும் எழுதிவைத்த வீடு.
நடுவே பதினான்கு படி.
பேச்சு இல்லை.

கேஸ் பில் அவள் கட்டுகிறாள்,
சூடு அவனிடம் போகிறது.
"சூட்டுக்கு நன்றி கிடையாது,
எப்போதும் மேலேதான் ஏறும்" என்றாள்.

அவள் சன்னல்களுக்கெல்லாம்
முடி உலர்த்தியால் இறுக்கிய பிளாஸ்டிக் தாள்.
சமவெளிக் காற்று மோதும்போதெல்லாம்
தாள் உப்பி உப்பி அடங்குகிறது,
வீட்டுக்கு மூச்சு வாங்குகிற மாதிரி.
அடிக்கட்டையில் இடுக்கை அடைக்க வைத்த துவாலை
பனியோடு ஒட்டி, எடுக்க வரவில்லை.

மேலே போனால் சன்னல் திறந்து கிடக்கிறது!
முறிந்த ஹாக்கி மட்டை முட்டுக்கொடுத்திருக்க,
பனியனோடு உட்கார்ந்திருக்கிறான் மைரோன்.
"புழுங்குகிறது" என்றான்.
அவன் சொன்னதைக் கீழே சொன்னேன்.
அவள் சொன்னதை மேலே சொல்லவில்லை.

பையிலிருந்து மாதிரியை எடுத்தேன்.
மூன்று தகடு, இரண்டு இடைவெளி,
இடைவெளிகளில் ஆர்கான்.
யாரோடும் சேராத வாயு அது,
உறவுக்கும் வராது, சண்டைக்கும் வராது.
"அது இந்த வீட்டில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது"
என்றாள் ஒரீசியா.

யூ எண் சிறிதாக இருக்க வேண்டும் என்றேன்.
விலை? என்றாள்.
அது சிறிதாக இருக்காது.

லைட்டரைப் பற்றவைத்துக்
கண்ணாடியருகே பிடித்தேன்.
ஒரு சுடர், உள்ளே வரிசையாக ஆறு.
"அதில் இரண்டுக்கு மட்டும் நிறம் வேறு, பாருங்கள்.
கண்ணுக்குத் தெரியாத பூச்சு.
அறையின் வெப்பத்தை அறைக்கே திருப்பிவிடும்."
"நாலுதான் தெரிகிறது" என்றாள்.

படியில் சத்தம்.
"ஆறு. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்."
"கண்ணாடியைத்தானே பார்க்கிறேன்."
ஐந்து மாதத்தில் முதல் பேச்சு அது என்று
பிறகுதான் தெரிந்தது எனக்கு.
ஆனாலும் ஏதோ பட்டது;
விரல் சுடும்வரை அணைக்காமல் பிடித்திருந்தேன்.

அதன்பிறகு நான் அங்கே இல்லாத மாதிரிதான்.
தெற்குப் பக்கத்துக்கு
வெயிலை உள்ளே விடுகிற கண்ணாடி,
ஜனவரியில் இலவசமாக வருவது அது ஒன்றுதானே.
வடக்குப் பக்கத்துக்கு இருப்பதிலேயே கெட்டியானது.
அடுக்களைக்கு எது என்பதில்
அவர்களுடைய அம்மாவின் சமையல்வரை போய்த் திரும்பினார்கள்.
பத்துச் சன்னல் முடிந்தது.

பதினொன்றாவது அவனுடையது.
"திறக்காதது போடு, காற்றுக் கசியாது" என்றாள் என்னிடம்.
"திறக்க வேண்டும்" என்றான் என்னிடம்.
திறப்பதற்கு நூற்றெண்பது டாலர் கூடுதல் என்றேன் பொதுவாக.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிளாஸ்டிக் தாள் உப்பியது, அடங்கியது.

"யார்டு கேட்காது" என்றான் மைரோன்.
அவ்வளவுதான் சொன்னான்.
முப்பத்தோரு வருடம் ரயில் யார்டில்
இரவு ஷிப்டில் வேகன்களைக் கோத்தவன்.
இரும்போடு இரும்பு முட்டும் அந்தச் சத்தத்தை
மூன்று தகடும் சேர்ந்து விழுங்கிவிடும்;
அதைச் சொல்லித்தான் நாங்கள் விற்கிறோம்.

ஒரீசியா படிவத்தையே பார்த்திருந்தாள்.
என் பேனாவை வாங்கி
பதினொன்றாம் கட்டத்தில் அவளே எழுதினாள்:
திறப்பது, கைப்பிடியுடன்.
"இவனுக்காக இல்லை.
அந்த அறை நாற்றம் கீழே இறங்குகிறது."
நாற்றமும் மேலேதான் ஏறும் என்று
நான் சொல்லவில்லை.

பொருத்தப் போனது ஜூனில்.
முப்பத்துமூன்று டிகிரி. தலைக்குமேல் கொசுமேகம்.
குளிரைப் பற்றி யாரும் பேசவில்லை.
கைப்பிடியை நாலு சுற்றுச் சுற்றினான்.
தூரத்தில் ஒரு வேகன் இன்னொன்றை முட்டியது.
கொசுக்களும் வந்தன.
மூடினான்.

"திறக்கிறதா?" கீழேயிருந்து கத்தினாள்.
"திறக்கிறது" என்று கத்தினான்.
இடையில், ஏழாம் படியில் நான்,
தோளில் பழைய சட்டம்,
அதில் இன்னும் அந்த ஹாக்கி மட்டை.